பன்னிரண்டாம் வரிசையில் கிடந்த புத்தகம்

கடைசிப் பிள்ளையும் இறங்கிய பின்
இருக்கை இருக்கையாகப் பார்த்துவருவது என் வேலை.
ஒற்றைக் கையுறை, பாதி ஆரஞ்சு,
இன்று ஒரு காதல் நாவல்.
நூலக முத்திரை. அட்டையில்
முகம் தெரியாத இரண்டு பேர், நிறைய வெயில்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
சுப்பீரியர் ஏரி கரையோரமாகப் புகைந்துகொண்டிருந்தது.
பணிமனையில் எஞ்சினுக்குச் சூட்டுக்கம்பியைச் செருகிவிட்டு
முதல் பக்கத்தைத் திறந்தேன்.
மூன்று மணி வரை என்னை யாரும் தேடமாட்டார்கள்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன்,
ஐம்பத்தெட்டு வயதில் அது சுலபம்.
அந்தப் பையனுக்குத் தாடை இருக்கிறது, வீட்டுப்பாடம் இல்லை.
அவன் துயரம் அளவெடுத்துத் தைத்த கோட்டைப் போல
தோளில் கச்சிதமாக உட்கார்கிறது.
முத்தத்துக்கு முன்னால் மழை வருகிறது,
சொல்லிவைத்தாற்போல, மூன்று முறை.
அம்மாவை இரண்டாம் அத்தியாயத்திலேயே கொன்றாயிற்று,
எங்கே போகிறாய் என்று கேட்டுத் தொலைப்பாளே.
கடைசியில் விமான நிலையத்துக்குள் ஓடுகிறாள்.
எங்கள் பக்கத்து விமான நிலையத்தில்
ஓடத் தொடங்கினால் நாலாவது அடியில் கழிப்பறைக் கதவு.

ஆனாலும்
பக்கம் நூற்று நாற்பத்தொன்று.
ஒரு செய்தி எழுதுகிறாள், அழிக்கிறாள்,
சரி என்று மட்டும் எழுதுகிறாள், அதையும் அழிக்கிறாள்.
மறுமுனையில் மூன்று புள்ளிகள்
துடித்துத் துடித்து நின்றுபோகின்றன.
திரை தானாக இருண்டு
அதில் அவள் முகமே தெரிகிறது, மூக்கு மட்டும் பெரிதாக.
எழுதியவர் எங்கோ ஒரு கட்டில் விளிம்பில்
இப்படி உட்கார்ந்திருக்கிறார்.
என் காலத்துப் போனுக்குச் சுருள் ஒயர்.
டென்னிஸ் கோஸ்கெலா அழைக்காத அந்த ஞாயிற்றுக்கிழமை
இதே மூக்குதான், கெட்டிலின் பளபளப்பில்.

பெட்ரோல் காசு யார் தருவதென்று சண்டை போடுகிறார்களே,
பதினொரு டாலருக்காக,
இந்தப் புத்தகத்தின் காதல் காட்சி அதுதான்.
எழுதியவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை;
அடுத்த பக்கமே நட்சத்திரங்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்.

ஓரங்களில் பென்சில்.
முத்தங்களுக்கு அடியில் ஒரு கோடுகூட இல்லை.
கதாநாயகிக்கு ஒடெட் என்றொரு சிநேகிதி.
எல்லாம் கேட்டுக்கொள்வாள், முடி பின்னிவிடுவாள்,
ஒன்பதாம் அத்தியாயத்துக்கு மேல் ஆளைக் காணோம்.
பத்தாவதின் தலையில்: ஒடெட் எங்கே?
பதினான்கில்: அவள் வீட்டில் என்ன பிரச்சினை?
கடைசிப் பக்கத்தில், என்றென்றும் என்ற சொல்லுக்குக் கீழே:
அவளைக் கூப்பிடவே இல்லை.

கையெழுத்து யாருடையதென்று தெரியும்.
பன்னிரண்டாம் வரிசை, சன்னலோரம், சென்யா ருவோட்சலா.
நான்கு பேர் தங்கள் கதையை அவளிடம் கொட்டியபடி வருவார்கள்.
அவள் இறங்கும்போதும் பேச்சு நிற்காது,
காலியான இருக்கையிடம் தொடரும்.

இன்னொன்று. பக்கம் எண்பத்தெட்டு.
'பேருந்து வந்தது. அவள் ஏறினாள்.'
அவ்வளவுதான்.
அத்தனை பனியில் அது தானாக வந்ததாம்.
அந்த வரிக்குப் பக்கத்தில்
பட்டாணி அளவில் ஒரு ஸ்டீயரிங், பின்னால் ஓர் ஆள்,
காதை மூடும் தொப்பி,
இடது மடல் பிய்ந்து தொங்குகிறது.
கழற்றிப் பார்த்தேன்.
ஆமாம், இடதுதான்.

மறுநாள் அதே இருக்கையில் வைத்திருந்தேன்.
எடுத்தாள், புரட்டினாள்,
காபிக் கறையைக் கண்டுபிடித்துவிட்டாள்.
இறங்கும்போது படியில் நின்று,
'ரெண்டாம் பாகம் வருதாம்.
இதே மாதிரி மோசமாத்தான் இருக்கும்.'

படிச்சிட்டுக் குடு, என்றேன்.
பின்னால் ஒரு பால் லாரி ஹாரன் அடித்தது.